பாறையேறுவோரின் முழங்கையும் தோளும்

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் இராமநகரத்துக் கருங்கற் பாறைகளில் ஏறச் செல்வதுண்டு. சென்ற ஆண்டு நானும் சேர்ந்துகொண்டேன். ஆர்வம் மிகுதி, வாரத்தில் ஐந்து நாள் செயற்கைச் சுவர், ஞாயிறன்று பாறை. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் சோதனைச்சாலையில் ஒரு லிட்டர் குடுவையைத் தூக்கினேன். வலமுழங்கையின் உட்புறம் சுரீரென்றது. குடுவை கைநழுவி உடைந்தது. (நல்ல வேளை, வெறும் நீர்தான்.)

காரணம் யாது? மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளிற் பல, முழங்கையின் உட்புற எலும்புமுனையில் ஒரு பொதுத் தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. தசைக்குக் குருதியோட்டம் மிகுதி. சில வாரப் பயிற்சியிலேயே அது வலுப்பெறும். தசைநாணுக்கு அது குறைவு. வலுப்பெற மாதங்கள் வேண்டும். மூன்றாம் மாதத்தில் என் நிலை, மாடு கொழுத்தது, கயிறு பழையது என்பதாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறியிருந்தால் தப்பியிருப்பேன்.

அடுத்து ஒரு பிழையும் செய்தேன். ஆறு வாரம் கையை அசைக்காமல் ஓய்வு கொண்டேன். வலி மறைந்தது, மீண்டும் ஏறிய முதல் நாளே திரும்பி வந்தது. ஓய்வு வலியைத் தணிக்குமேயன்றித் தசைநாணை வலுவாக்காது.

பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவர் கற்பித்த பயிற்சி மிக எளியது. முன்கையை மேசைமேற் கிடத்தி, உள்ளங்கை மேல்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்குமாறு ஒரு சிறு எடையைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் எடையை உயர்த்திவிட்டு, அத்துணையை நீக்கி, நான்கு எண்ணுமளவும் மெல்லத் தாழ்த்த வேண்டும். இவ்வாறு 15 முறை, இடைவிட்டு மும்முறை. நான் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டே தொடங்கினேன். செய்யும்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாட் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். முழங்கையின் வெளிப்புறம் வலிப்பவர்கள் உள்ளங்கை கீழ்நோக்க இதையே செய்யலாம். எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதுவரை சிறு பிடிகளைத் தொடாமல், சாய்வான பாறைகளில் காலை நம்பி ஏறினேன்.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது; பந்தை அதில் நிலைநிறுத்துபவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். களைத்தபின் தோள் காதைத் தொடுமாறு தளர்ந்து தொங்கினால் மூட்டுக்குக் கேடு. தொங்கும்போது தோள்பட்டையைச் சற்றுக் கீழிழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறுவோர்க்கு இழுக்கும் தசைகளே வளர்வதால், வாரம் இருமுறை தண்டால் எடுப்பதும், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர்ப் பட்டையை வெளிப்புறம் இழுப்பதும் நன்று.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தல், கையை உயர்த்த இயலாமை, உறக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி ஆகியவை கண்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்க.

இப்போதெல்லாம் பாறையில் முதல் அரைமணி நேரம் எளிய ஏற்றங்களோடு நிற்கிறேன். நண்பர்கள் என்னைத் 'தாத்தா' என்றழைக்கின்றனர். அவர்களுள் இருவர் இவ்வாரம் என்னிடம் ரப்பர்ப் பட்டையை இரவல் கேட்டிருக்கின்றனர்.