மலையூரில் குழந்தைக்குக் காய்ச்சல்



காய்ச்சல் தனி நோயன்று. உள்ளே புகுந்த கிருமியை எதிர்க்க உடம்பு தன் சூட்டை உயர்த்திக்கொள்வது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால்தான் காய்ச்சல் என்று கணக்கு. சூடு ஏறும்போது தோலுக்கு ஓடும் ரத்தம் குறைவதால் கைகால் சில்லிட்டு, குழந்தை நடுங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மார்கழிக் குளிரில், அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் ஸ்வெட்டர், குல்லா, அதன்மேல் கம்பளி என்று சுற்றிவிடுவார்கள். சூடு வெளியேற வழியின்றி மேலும் ஏறும். நடுங்கும்வரை மெல்லிய போர்வை ஒன்று போதும். நடுக்கம் நின்றதும் அதையும் எடுத்துவிடலாம். குளிர்ந்த நீரால் துடைத்தால் நடுக்கம்தான் கூடும். தாய்ப்பால், கஞ்சி, வெந்நீர் என்று அடிக்கடி கொடுப்பதே முக்கியம்.

பாராசிட்டமாலை வயதைவிட எடையைப் பார்த்துக் கொடுப்பதே சரி: 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் ஊற்றவே கூடாது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இப்படியே தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலைத் தாக்கக்கூடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

புதர் மண்டிய மலைப்பகுதியில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புதரில் வாழும் மிகச்சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் இது கூடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தை சொல்லாது. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் இதைக் குணமாக்காது. மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தொடக்கத்திலேயே கிடைத்தால் நன்றாகக் கேட்கும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலில் வலிப்பு வரலாம். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தோ வாயில் கரண்டியோ வேண்டாம். வலிப்பு முதன்முறை வந்தாலும், ஐந்து நிமிடம் தாண்டினாலும் உடனே மருத்துவமனைதான்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும் தாமதிக்கக்கூடாது. பால் குடிக்காமை, எழுப்பினாலும் விழிக்காத அயர்வு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, மூன்று நாள் விடாத காய்ச்சல் ஆகியவையும் அப்படியே. நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களிலிருந்து ஏற்காடு வந்து, பிறகு வழக்கமான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் சேர வேண்டும். ஆகவே சந்தேகம் தோன்றினால் பொழுது சாயும்முன்பே கிளம்ப வேண்டும். நிலை மோசமென்றால் 108. கொடுத்த மருந்தின் பாட்டிலும், எந்த மணிக்கு எவ்வளவு கொடுத்தது என்ற குறிப்பும் கையோடு போகட்டும்.