கேள்வி சரியா இருந்தாத்தான் பதிலும் சரியா வரும்



எங்க ஊர்ச் சங்கக் கட்டிடத்துல இணையத் தகவல் மையம் வைக்கணும்னு இளைஞர்கள் முயற்சி எடுத்திருக்காங்க. நல்ல காரியம். ஆனா இருபது வருசத்துக்கு முன்னாடி இப்படி ஒரு மையத்தை நம்பி நான் பட்டதையும் சொல்லியாகணும்.

அப்போ 30 சென்டுல கத்தரி போட்டிருந்தேன். இலை சின்னச் சின்னதா வந்து செடி புதர் மாதிரி ஆச்சு. பக்கத்து ஊர் இணைய மையத்துக்குப் போய், "கத்தரியில இலை சிறுக்குது, என்ன செய்யலாம்?"னு ஒரே வரி எழுதி அனுப்பச் சொன்னேன். நாலு நாள் கழிச்சு, நுண்ணூட்டக் குறை, இன்ன உரம் தெளிங்கன்னு பதில் வந்துச்சு. தெளிச்சேன். செடி தேறலை. அதுக்குள்ள பாதித் தோட்டம் அப்படியே ஆயிடுச்சு.

களை எடுக்க வந்த பாட்டி ஒருத்தர் பார்த்துட்டு, "தம்பி, இது மலட்டுச் செடிப்பா. காய்க்காது. விட்டா மத்த செடிக்கும் பரவும், புடுங்கிப் போடு"ன்னாங்க. அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புறது. ஆரம்பத்திலேயே நோய்ச் செடியைப் பிடுங்கி எரிச்சு, மத்த செடிகளுக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் (10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு) அடிச்சுத் தத்துப்பூச்சியைக் குறைச்சிருந்தா மீதிச் செடியைக் காப்பாத்தி இருக்கலாம்.

தப்பு கணினி மேல மட்டும் இல்லை. பூ மாறியிருக்கா, பூச்சி பறக்குதா, எத்தனை செடியில இருக்கு, எதுவுமே நான் சொல்லலை. பாட்டி செடியை நேர்ல பார்த்தாங்க. அதான் வித்தியாசம்.

நல்லா நடந்த உதாரணமும் உண்டு. 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில கிராமத் தகவல் மையங்களைத் தொடங்குச்சு. முதல்ல மக்களுக்கு என்ன தகவல் வேணும்னு கேட்டாங்க. இடத்தையும் ஆளையும் ஊர் கொடுக்கணும், தலித் மக்கள் உட்பட எல்லாரும் உள்ளே வர்ற இடமா இருக்கணும்னு நிபந்தனை. மையங்களை நடத்தினதுல பெண்கள் நிறைய பேர். வில்லியனூர்ல தகவலைத் திரட்டித் தமிழ்ல மாத்தி ஊர்களுக்கு அனுப்பினாங்க. வீராம்பட்டினத்துல கடல் அலை உயரத்தை ஒலிபெருக்கியில சொன்னாங்க. மீனவர் யாரும் கணினியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 2004 சுனாமி அன்னைக்கு, நல்லவாடுங்கிற மீனவ ஊர்ல வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில வந்த எச்சரிக்கையை அந்த மைய ஒலிபெருக்கியிலதான் அறிவிச்சாங்க. ஊர் சனம் வெளியேறி உயிர் பிழைச்சது.

இதிலிருந்து நம்ம மையத்துக்கு நான் சொல்றது:

1. கணினி வாங்கும் முன்னாடி வீடு வீடா போய் என்ன தகவல் வேணும்னு கேளுங்க. கூலி வேலைக்குப் போற பெண்களையும் கேளுங்க.

2. செவ்வாய், வெள்ளிகளில் வர்ற வேளாண் வானிலை அறிக்கையை வாசல் பலகையில எழுதிப் போடுங்க, ஒலிபெருக்கியிலயும் சொல்லுங்க.

3. கேள்வி அனுப்பும்போது ரகம், பயிரின் வயசு, மண், பாசனம், இதுவரை தெளிச்சது, எத்தனை செடியில பாதிப்பு, கூடவே இலையோட அடிப்பக்கப் படம், எல்லாம் இருக்கணும். "இயற்கை வழியில தீர்வு வேணும்"னு மறக்காம எழுதுங்க. இல்லைன்னா ரசாயன மருந்து பேருதான் வரும்.

4. வந்த பதிலை முதல்ல பத்துச் செடியில பாருங்க. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க.

5. ஒரு நோட்டு போட்டு, கேள்வி, பதில், பலிச்சுதா இல்லையான்னு எழுதி வைங்க. அடுத்த வருசம் அதுதான் உங்களுக்குப் பாடப் புத்தகம்.

எங்க ஊர் நோட்டுல முதல் பக்கத்துல கத்தரிச் சிற்றிலையையும் பாட்டி சொன்னதையும் எழுதிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வீடு வீடா கேக்கப் போறோம். உங்க ஊர்லயும் தொடங்குங்க.