வியர்க்காத இலை

மாணவர்களே, ஈப்போவில் நண்பகல் வெப்பம் 33, 34 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. மழை தள்ளிப்போனால் வீட்டு வாசலில் தொங்கும் ஆர்க்கிட் வாடத் தொடங்கும். உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். மாலையில் மீண்டும் ஊற்றுகிறோம். சில வாரங்களில் வேர் அழுகிச் செடி செத்துவிடுகிறது. பழி வெயில்மேல் விழுகிறது. உண்மைக் காரணம் என்ன?

நமக்கு வியர்ப்பதுபோல், பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகள் வழியே நீராவியை வெளியிட்டு இலையைக் குளிர்விக்கின்றன. இதுவே நீராவிப்போக்கு. தடித்த இலை கொண்ட பல ஆர்க்கிட்டுகளின் வழி வேறு. பழைய ரப்பர் மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் மண்ணைத் தொடுவதில்லை. மழை நின்றால் நீர் இல்லை. ஆகவே இவ்வகைச் செடிகள் பல பகலில் துளைகளை மூடி நீரைச் சேமிக்கின்றன. இரவில் துளைகளைத் திறந்து கரிவளியை உள்ளிழுத்து, அதை மாலிக் அமிலமாக மாற்றி வைக்கின்றன. மறுநாள் பகலில் அந்தக் கரிவளியைக் கொண்டு ஒளிச்சேர்க்கை நடக்கிறது. கடைகளில் விற்கும் அந்துப்பூச்சி ஆர்க்கிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதனால் நீர் மிச்சமாகிறது. ஆனால் நண்பகலில் இலையால் வியர்க்க முடியாது. நேரடி வெயில் பட்டால் இலை, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிறது. முதலில் வெளிறும், பிறகு கருகும். வேரில் நீர் தேங்கியிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. நிழலும் காற்றோட்டமுமே தடுக்கும்.

வெட்டவெளியில் வளரும் ஆர்க்கிட்டே இல்லையா? நம் பேராக்கிலேயே உண்டு! கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் ஒரு காலத்தில் மண்டிக் கிடந்ததால் 'கிந்தாக் களை' என்றே பெயர் பெற்ற ஆர்க்கிட் அது. அதன் இலை பென்சில்போல் உருண்டு மெலிந்தது. உச்சி வெயில் விழும் பரப்பு குறைவு. காற்று சுற்றிலும் பட்டு வெப்பத்தை எளிதில் கொண்டுபோய்விடும். 1893-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, இன்று சிங்கப்பூரின் தேசிய மலராக விளங்கும் வண்டா மிஸ் ஜோக்கிம், இந்தக் கிந்தாக் களையின் கலப்பினப் பிள்ளைதான். அதுவும் முழு வெயிலில் பூக்கும்.

ஆகவே இலையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்:

1. உருண்டை இலைச் செடிக்கு வெயில் நல்லது. அகன்ற இலைச் செடிக்குக் காலை இளவெயில் போதும். பிறகு நிழல்வலை தேவை.

2. செடியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், காற்று வீசும் இடத்தில் தொங்கவிடுங்கள். தகரக் கூரையை ஒட்டித் தொங்கவிட வேண்டாம்.

3. தொட்டியில் மண் வேண்டாம்; கரித்துண்டும் செங்கல் துண்டும் போடுங்கள்.

4. காலையில் நீர் ஊற்றுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் காய்ந்துள்ளது. பச்சையாக இருந்தால் ஈரம் உள்ளது, காத்திருங்கள்.

செய்து பாருங்கள்: நண்பகலில் ஆர்க்கிட் இலையையும் அருகிலுள்ள செம்பருத்தி இலையையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஆர்க்கிட் இலை சுட்டால், வாளியைத் தேடாதீர்கள். செடியை நிழலுக்கு மாற்றுங்கள்.