பழைய ஆர்எஸ்200 வாங்கினால் முதலில் எங்கே கை வைப்பது?

பள்ளிப் படிப்பு முடிந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முதல் சம்பளம் வாங்கிய கையோடு மோட்டார் தேடும் இளைஞர்கள் பலர். புதியது வாங்கக் காசு பற்றாது. பழையதில் கொஞ்சம் ‘ஸ்போர்ட்’ தோற்றம் வேண்டும். அப்படித் தேடுபவர்களின் கண்ணில் அடிக்கடி படும் வண்டிகளில் ஒன்று மோடெனாஸ் பல்சார் ஆர்எஸ்200. கெடா, குருனில் ஆலை வைத்து 1996-இல் ‘கிரிஸ்’ மோட்டாரைக் கொண்டுவந்த நிறுவனம், இந்தியாவின் பஜாஜுடன் சேர்ந்து 2017-இல் இதை இங்கே அறிமுகப்படுத்தியது. 200 சி.சி. என்பதால் பி2 உரிமம் போதும்.

வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பைப் மாத்தினா எவ்வளவு இழுக்கும் சார்?” புகைக்குழாய்க்குப் பிறகு வருவோம். கையில் இருக்கும் ஆயிரம் ரிங்கிட்டை எங்கே போட வேண்டும் என்பதற்குப் பள்ளியில் படித்த இயற்பியலே விடை சொல்லும்.

இயந்திரத்தின் உடல்நிலையிலிருந்து தொடங்குவோம். ஆர்எஸ்200-இன் உருளை 72 மி.மீ. விட்டம் கொண்டது; பிஸ்டன் 49 மி.மீ. மட்டுமே மேலும் கீழும் நகர்கிறது. அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் வேகமாகச் சுழல முடிகிறது. அதன் உச்சத் திறன் நிமிடத்துக்கு 9,750 சுற்றுகளில் கிடைக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 6 மில்லிவினாடிதான். அதில் ஒரு சிறு பகுதிக்குள் 72 மி.மீ. அகல அறையில் உள்ள கலவை முழுவதும் எரிந்தாக வேண்டும். ஒரே இடத்தில் பற்ற வைத்தால் சுடர் நெடுந்தூரம் போக வேண்டும். அதனால்தான் இதில் மூன்று ஸ்பார்க் பிளக்குகள்.

இங்கேதான் பழைய வண்டி வாங்குபவர் ஏமாறுகிறார். மூன்றில் ஒரு பிளக் செத்துப்போனாலும் வண்டி ஓடத்தான் செய்யும். கொஞ்சம் மந்தமாக ஓடும், கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும். “இன்ஜின் பழசாயிடுச்சு, போர்-அப் பண்ணலாம்” என்று யாராவது ஆலோசனை சொல்வார். அதற்கு முன் மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நல்ல பிளக்கின் நுனி வெளிர்பழுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அங்கே பொறி வரவில்லை, அல்லது பலவீனமாக வருகிறது. மூன்றுமே எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் விஷயம் பெரிது.

பெரிதா இல்லையா என்பதை அழுத்தச் சோதனை காட்டிவிடும். பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைவாக இருந்தால் அதே துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. வளையத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளியை எண்ணெய் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லையா? காற்று வால்வு வழியாகவோ கேஸ்கெட் வழியாகவோ கசிகிறது. எதையும் பிரிக்காமலேயே குற்றவாளியைப் பிரித்தறியும் இந்தச் சோதனையை நான் வகுப்பில் ‘மாறியைக் கட்டுப்படுத்துதல்’ என்பதற்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார்.

இது நீரால் குளிரும் இயந்திரம். பழைய வண்டிகளில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார்கள். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த குளிர்விப்பான் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் கொதிநிலை இன்னும் மேலே போகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. மலிவான அந்த மூடிக்காக ஹெட் கேஸ்கெட் போன வண்டிகள் உண்டு. கொம்தார் பக்கம் மாலை நெரிசலில் நின்றபடி, மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள்.

பினாங்குக்கே உரிய ஒரு தொல்லை, உப்புக் காற்று. தஞ்சோங் தோக்கோங், குர்னி கரையோரம் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டிகளில் அலுமினியப் பாகத்தில் இரும்புத் திருகாணி பூட்டிய இடங்களைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருக்கும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்பு ஈரம்: இது ஒரு சிறிய மின்கலம். அலுமினியம் தன்னையே அரித்துக் கொடுக்கிறது. மின்கம்பி இணைப்புகளில் இதே அரிப்பு மின்தடையை ஏற்றும். வண்டி அடிக்கடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே புது பேட்டரி வாங்காதீர்கள். மல்டிமீட்டரில் அளந்தால் ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். ஓடும்போது 14-ஐ எட்டாமல் 12-லேயே நின்றால் குறை பேட்டரியில் இல்லை, மின்னேற்றும் பகுதியிலோ கம்பி இணைப்பிலோ இருக்கிறது.

இப்போது பிரேக். என்னைக் கேட்டால் ஆயிரம் ரிங்கிட்டில் முதல் பங்கு இங்கேதான் போக வேண்டும்.

வண்டி சுமார் 165 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 235 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டரில், இயக்க ஆற்றல் ஏறத்தாழ 32,600 ஜூல். நிறுத்தும்போது இது எங்கும் மறைந்துபோவதில்லை. பிரேக் தட்டில் வெப்பமாகிறது. முன் தட்டு ஒன்றேகால் கிலோ எஃகு என்று வைத்துக்கொள்வோம். எஃகின் தன்வெப்பம் கிலோவுக்கு, பாகைக்கு ஏறத்தாழ 460 ஜூல். கணக்குப் போட்டால் ஒரு முறை நிறுத்தும்போது தட்டு 57 பாகை சூடேறும். இது தாங்கக்கூடியதே.

பாலிக் பூலாவ் பக்கம் துன் சார்டோன் சாலையில் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் நிலை ஆற்றல் இழப்பு 2,30,000 ஜூலுக்கு மேல். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை நிறுத்துவதற்குச் சமம். முழுவதையும் முன் தட்டு மட்டுமே வாங்கினால் சூடு 400 பாகை ஏறும்! நிஜத்தில் காற்று தட்டைக் குளிர்விக்கிறது, பின் பிரேக்கும் பங்கேற்கிறது, கியரை இறக்கினால் இயந்திரமும் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் அவ்வளவு ஏறாது. ஆனால் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்குபவர், அந்த எண்ணை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

இந்தச் சூடு பட்டைகள் வழியாகப் பிரேக் எண்ணெய்க்குப் போகிறது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் நீர்மம். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அதே தரவிதி கேட்பது 155 பாகைதான். நம் தீவின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட எண்ணெய் எந்த நிலையில் இருக்கும்? பாஸ்கல் கோட்பாடு வேலை செய்வது நீர்மம் அமுங்காது என்ற நம்பிக்கையில். எண்ணெய்க்குள் கொதித்து எழும் நீராவிக் குமிழிகளோ அமுங்கும். கைப்பிடியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பட்டை தட்டைப் பிடிக்காது. மலை இறங்கும்போது “பிரேக் திடீர்னு காணாமப் போச்சு” என்று சொல்லும் பலரின் கதை இதுதான். வண்டி ஆறியதும் பிரேக் மறுபடி பிடிக்கும். அதனால் பட்டறையில் குறை தெரியாது.

பழைய வண்டியில் எண்ணெய் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. திறந்து பல மாதமான பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள். அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

இவை முடிந்தபின் மீதியுள்ள காசில் மேம்பாடு. “ஏத்தத்துல இழுக்கல” என்பதுதான் வழக்கமான குறை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் 235 கிலோவைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 230 நியூட்டன். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஏற அதற்குத் தேவையான திறன் 3.2 கிலோவாட். ஆர்எஸ்200-இன் உச்சத் திறன் 24.5 குதிரைத்திறன், அதாவது 18 கிலோவாட். காற்றுத் தடை, உராய்வு எல்லாம் சேர்த்தாலும் திறன் மிச்சம். பிறகு ஏன் திணறுகிறது? மேல் கியரில், குறைந்த சுழற்சியில் ஏற முயல்வதால். இதன் முறுக்குவிசை உச்சம் 8,000 சுற்றில் வருகிறது. கியரை இறக்கினால் போதும், செலவில்லை.

அப்படியும் போதாதென்றால் பற்சக்கரத்தை மாற்றலாம். முன்பக்கம் 14 பல், பின்பக்கம் 39 பல் இருந்தால் விகிதம் 2.79. பின்னால் 42 போட்டால் விகிதம் 3. சக்கரத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். முன்னால் 13 போட்டாலும் அதே 3 கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சிறிய வட்டத்தில் சங்கிலி கூர்மையாக மடிந்து சீக்கிரம் தேயும். நான் 42-க்கே வாக்களிப்பேன், சங்கிலி நீளம் கூட வேண்டியிருந்தாலும். விலை இன்னொரு வகையிலும் உண்டு: முன்பு 6,000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இனி சுமார் 6,460 சுற்று. பினாங்குப் பாலத்தைத் தினமும் கடப்பவருக்கு இது காதிலும் பெட்ரோல் கணக்கிலும் தெரியும்.

ரோன் 97 ஊற்றினால் இழுவை கூடும் என்பதும் பரவலான நம்பிக்கை. அந்த எண் பெட்ரோலின் ஆற்றலைக் குறிப்பதல்ல. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் தன்மையைக் குறிப்பது. 95-இல் தட்டும் ஓசை வராத இயந்திரத்துக்கு 97-ஆல் லாபமில்லை.

போர்-அப் ஆசைக்கு யமாஹா ஒய்15இசட்ஆர் நல்ல உதாரணம். அதன் உருளை 57 மி.மீ. விட்டம், 58.7 மி.மீ. நகர்வு, கொள்ளளவு 149.8 சி.சி. விட்டத்தை 62 ஆக்கினால் 177 சி.சி. வெறும் 5 மி.மீ.க்கு 18 விழுக்காடு கூடுகிறது, ஏனெனில் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. எரிப்பறையைத் தொடாமல் விட்டால் 10.4 ஆக இருந்த அழுத்த விகிதம் 12-ஐத் தாண்டும். தட்டும் ஓசையும் அதிக வெப்பமும் அங்கே தொடங்கும். உச்ச வேகம்? காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் கனத்தோடு கூடுவதால், 18 விழுக்காடு கூடுதல் திறன் முழுதாகக் கிடைத்தாலும் வேகம் 6 விழுக்காடுகூட ஏறாது. பதிவில் உள்ள கொள்ளளவோடு ஒத்துப்போகாத இயந்திரம் என்பதால் ஜேபிஜே சோதனையிலும் சிக்கல்.

புகைக்குழாய்க்கு வருகிறேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுக் குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் திறன் மிகச் சிறிது. அதிகமாகக் கிடைப்பது ஒலி. 10 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வந்துவிட்டன. ஆர்எஸ்200 போன்ற எரிபொருள் தெளிப்பு வண்டியில், கணினி தனக்குள் எழுதிவைத்த அட்டவணையைக் கொண்டு பெட்ரோலை அளக்கிறது. காற்றோட்டம் மாறிவிட்டது என்பது அதற்கு முழுதாகத் தெரியாமல் போனால், கலவையில் பெட்ரோல் குறைந்து இயந்திரம் கூடுதலாகச் சூடேறும். அந்தக் காசுக்கு இரண்டு டயர் வாங்கலாம்.