மூன்றாண்டுகளே புழங்கிய மருந்து தரும் பாடம்



ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் இரத்தத்தின் வழியாய்ச் சரீரத்தில் புகுந்து, பல ஆண்டுகள் எந்த அடையாளமுமின்றிக் கல்லீரலைக் கெடுக்கிறது. இது 1989-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே சிகிச்சையாக இருந்தன. பரவலாய்க் காணப்படும் முதலாம் வகை வைரஸ் உள்ளவர்களில் பாதிப்பேர்கூட அவற்றால் குணமாகவில்லை.

2011 மே மாதத்தில் டெலாப்ரெவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியை அது தடுத்தது. பழைய இரு மருந்துகளோடு முதல் 12 வாரம் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, புதிதாய்ச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் குணமடைந்தார்கள். ஆனால் வியாதியஸ்தர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு நாள்தோறும் சாப்பிட வேண்டும், இரத்தசோகை உண்டாகும், தோலில் கடுமையான தடிப்பு வரும். அதனால் மரணங்களும் நேரிட்டபடியால், 2012 டிசம்பரில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தது. டெலாப்ரெவிரை நாடுவோர் குறைந்தனர். 2014 அக்டோபரில் அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, நிறுத்தப்பட்ட மருந்து வீணான மருந்தல்ல. வைரஸையே நேராய்த் தாக்கினால் அதிகம்பேர் குணமாவார்கள் என்று அது காட்டியது. அதனால் சுகமானவர்களும் அநேகர்.

இரண்டாவது, மருந்து போனாலும் அதைப்பற்றிய பயம் போகவில்லை. “அந்தச் சிகிச்சையைத் தாங்க முடியாதாம்” என்று கேள்விப்பட்டுப் பரிசோதனைக்கே வராதவர்கள் இன்றும் உண்டு. இன்றைய சிகிச்சை பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரம் மாத்திரை மட்டுமே. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். நம் நாட்டில் 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு இச்சிகிச்சையை இலவசமாய் வழங்குகிறது. தாமதித்தாலோ, கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும். அதன்பின் வைரஸ் நீங்கினாலும் புற்றுநோய் அபாயம் முற்றிலும் நீங்காது.

ஆகையால், முற்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சுத்திகரிக்காத ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்கள் சபையில் இருந்தால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள அன்பாய்ச் சொல்லுங்கள். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. பணம் கொடுப்பதைப்போலவே, வேளையில் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுசேர்ப்பதும் தர்மமே.