ஆகாய கங்கைக்கு ஒரு நாள்

பெரும்பாலான அருவிகளுக்கு மலையேறித்தான் போக வேண்டும். கால் ஓய்ந்தால் பாதியிலேயே திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அப்படியல்ல. முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஆசை தீரக் குளித்து, பசியெடுத்து, நனைந்த துணிமணியைச் சுமந்துகொண்டு அதே படிகளை ஏறினால்தான் வெளியே வரலாம். ஆகவே இந்தப் பயணத்தைக் கடைசி ஏற்றத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சரி.

கணக்கு எளிது. படி ஒன்றுக்கு அரையடி உயரம் என்று குறைவாக வைத்தாலும் 500 அடிக்கு மேல் வருகிறது. ஏறத்தாழ ஐம்பது மாடிக் கட்டடம். படிகள் ஒரே அளவிலும் இல்லை; சில இடங்களில் செங்குத்தாக இறங்கும், சில இடங்களில் பாசி படர்ந்து வழுக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் அரைமணி நேரத்தில் இறங்கிவிடுவார். ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகளோ பெரியவர்களோ உடனிருந்தால் ஒன்றரை மணி நேரம். மூட்டுவலி, இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். மேலே அறப்பளீசுவரர் கோயிலும் அதன் ஓடையும் இருக்கின்றன. அவர்களுடைய பொழுதும் வீணாகாது.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வந்தால் அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு பேருந்தின் முன்பகுதியில் உட்காருவது நல்லது. மேலே செம்மேடுதான் முக்கிய ஊர். வங்கி, மருத்துவமனை, கடைகள் எல்லாம் அங்கே. கோயில் இருப்பது அதற்கும் அப்பால், பெரியகோவிலூரில். நாமக்கல்லில் ஏறியவர் கோயில் வாசலில் இறங்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். கோயில் வரை நேராகச் செல்லும் பேருந்துகள் உண்டு. ஏறும்போதே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்குள் படி இறங்கத் தொடங்கிவிடுவது உத்தமம். பிற்பகலில் கீழே விடுவதை நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்த நேரமும் மாறும். சீட்டு வாங்கும் இடத்திலேயே அன்றைய நேரத்தையும் நீரின் அளவையும் விசாரித்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும், கைப்பேசிக்குச் சிக்னலும் நம்பகமில்லை. மதியம் ஒன்றரைக்கெல்லாம் ஏறத் தொடங்கினால் அவசரமில்லாமல் மூன்று மணிக்குள் மேலே வந்துவிடலாம்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலை மிட்டாய், மாற்றுத் துணி, துண்டு, கட்டுத்துணி. அவ்வளவு போதும். தோளில் மாட்டும் பையாக இருக்கட்டும். படிகளில் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு இந்தப் படிகளுக்கு ஆகவே ஆகாது. அடியில் பிடிப்புள்ள, பின்பட்டையோடு கூடிய செருப்போ ஷூவோ வேண்டும். வழியெங்கும் குரங்குகள் உண்டு. தின்பண்டம் வெளியே தெரியும்படி எதையும் எடுத்துப் போகாதீர்கள், அவற்றுக்கு எதையும் கொடுக்கவும் வேண்டாம். இன்று ஒருவர் கொடுக்கும் பிஸ்கட்டுக்காகத்தான் நாளை வேறொரு குழந்தையின் கையிலிருந்து அவை பிடுங்குகின்றன.

இறங்கும்போது அருவி உடனே கண்ணில் படாது. மரங்களுக்கு நடுவே முதலில் ஓசைதான் வரும்; திருப்பத்துக்குத் திருப்பம் அது தடித்துக்கொண்டே போகும். கடைசிப் படிகளுக்கு வரும்போது காற்றிலேயே ஈரம் ஏறியிருக்கும். மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த பள்ளத்தில் ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து அய்யாறு விழுகிறது. நீர் பெருகிய நாளில் நேர் கீழே நிற்கவே முடியாது; சாரலிலேயே முழுக்க நனைந்துவிடலாம். அதுவே போதும். அத்தனை உயரத்திலிருந்து வரும் நீரோடு சிறு கல்லும் குச்சியும் வரக்கூடும், ஆகவே தாரைக்கு நேர் அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஆபத்து வேறொன்று. அய்யாறு மலைமேல் பல ஓடைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு வருவது. அருவியடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்காவது பலத்த மழை கொட்டியிருக்கலாம். அந்த வெள்ளம் சற்று நேரம் கழித்து இங்கே வந்து இறங்கும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலும், இலை தழைகள் மிதந்து வந்தாலும், ஓசை திடீரென்று கனத்தாலும் செல்ஃபிக்கு நிற்காமல் உடனே படிக்கு வந்துவிடுங்கள். வனப் பணியாளர் விசில் அடித்தால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

குளிக்கும்போது சோப்பும் ஷாம்பும் கூடாது. இந்த நீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. காட்டுக்குள் ஓடிக் கீழே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. அங்கேயும் மக்கள் இதே நீரில்தான் குளிக்கிறார்கள்.

எந்த மாதம் போகலாம்? செப்டம்பர் முதல் ஜனவரி வரை நீர் நிறைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்த நாட்களில் மட்டும் அருவியை மூடிவிடுவார்கள். பிப்ரவரிக்குப் பிறகு நீர் மெலியும், காடும் காயும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத் தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் மலைக்குப் போகும் எவரும் அதை மறக்கக் கூடாது. அடுப்பு மூட்டாதீர்கள், புகைக்காதீர்கள், படிப்பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். கோரக்கர், காலாங்கிநாதர் பெயரில் சொல்லப்படும் குகைகளைப் பார்க்க விரும்புவோர் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் புறப்பட வேண்டாம். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை முழுக்கக் கூட்டம். விழாவைப் பார்க்க அது நல்ல நாள், அருவிக்கு அல்ல.

ஏறும்போது நூறு படிக்கு ஒருமுறை நின்று இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வேகமாக ஏறி நீண்ட நேரம் உட்காருவதைவிட, மெதுவாக ஏறிச் சற்றே நிற்பது காலுக்கு இதம். வெகுநேரம் உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். மேலே வந்ததும் சூடாக முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். பாறையில் படரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கைத் தோல் சீவி, இடித்து, மிளகு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். மூட்டுவலியைப் போக்கும் என்பது மலைமக்கள் நம்பிக்கை. மருந்தாக எண்ணாவிட்டாலும், படியேறி வந்த உடம்புக்கு மிளகின் காரமும் சூடும் அருமையாக இருக்கும். நேரமிருந்தால் அறப்பளீசுவரர் சந்நிதிக்கும் போய்வாருங்கள். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவன் மீதுதான். கோயில் ஓடையின் மீன்களைப் புனிதமாகக் கருதுவதால் யாரும் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி போடுகிறார்கள்.

திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு, மலைவாழை, அன்னாசி, பருவத்தில் பலா வாங்கலாம். சாமை, தினை போன்ற சிறுதானியங்களும் இந்த மலையில் இன்னும் விளைகின்றன. விளைவித்தவரிடமே வாங்க முடிந்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. சொந்த வண்டியில் வந்தவர்கள் இருட்டுவதற்குள் 70 வளைவுகளையும் இறங்கிவிட வேண்டும். மூடுபனி இறங்கினால் எதிரில் வரும் பேருந்துகூடத் தெரியாது. இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

மழையால் ஆகாய கங்கையை மூடியிருந்தால் தடுப்பைத் தாண்ட யாரும் முயல வேண்டாம். மாசிலா அருவியும் நம் அருவியும் இதே மலையில்தான் இருக்கின்றன. அவை உயரத்தில் சிறியவை, இத்தனை படியும் கிடையாது. அன்றைக்கு அவை திறந்திருக்கின்றனவா என்பதைச் செம்மேட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியைத் திருப்புங்கள்.