வால்வு மாற்றியவர் கீரை சாப்பிடலாமா?

"டாக்டர், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு, ரத்தம் உறையாம இருக்க மூலிகையே கொடுங்களேன்!" மாடம்பாக்கத்தில் என்னிடம் வந்த ஓர் அம்மாள் கேட்டார். ஆறு மாதம் முன்பு இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர். சித்த மருத்துவனாகிய நான் சொன்ன பதில்: "கூடவே கூடாதும்மா!"

ஏன்? பைபாஸில் ஒட்டுப் போடுவது நோயாளியின் சொந்த ரத்தக்குழாயை. உலோக வால்வோ அந்நியப் பொருள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் நாட்டு 'சித்ரா' வால்வுக்கும் இதே கதைதான். அதன்மேல் ரத்தம் உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும்; உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவை.

கீரையை ஒதுக்க வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் 'கே' மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் தொடாமலே இருந்துவிட்டு, அப்புறம் தினமும் முருங்கைக்கீரை என்று மாறுவதுதான் வம்பு! பூண்டு, இஞ்சி, மஞ்சளைச் சமையலில் சேர்ப்பது வேறு. மருந்தாக நிறையச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

மறக்கக் கூடாதவை மூன்று:

1. 'ஐ.என்.ஆர்.' ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

2. பல் பிடுங்குமுன் வால்வு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

3. நிற்காத ரத்தம், கறுத்த மலம், திடீர்ப் பேச்சுக் குழறல் – உடனே ஆஸ்பத்திரி!

எங்களைப் போன்ற வைத்தியரிடம் வந்தாலும், முதலில் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் சூரணமோ லேகியமோ வேண்டவே வேண்டாம்.